வீரசிங்கம் வராத சனிக்கிழமை

வீரசிங்கம் இந்த வீட்டுக்கு வரும்போது சப்பாத்துகளைக் கழற்றி, முனை தெருவைப் பார்க்கும்படி ஜோடியாக வைப்பார். திரும்பிப் போகும்போது குனியாமல் காலை நுழைத்துக்கொண்டு போய்விடலாம். அதுகூட வாசுவுக்குப் பிடிக்காது. தன் வீட்டு வாசலில் இன்னொரு மனிதர் தன்னை அவ்வளவு வசதியாக ஏற்பாடு செய்துகொள்வதைப் பார்க்கும்போது, அந்தச் சப்பாத்துகளை எடுத்துத் திருப்பி வைக்க வேண்டும் என்று கை பரபரக்கும்.

வீரசிங்கம் பிரிக்பீல்ட்ஸில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவர். வாசுவின் மனைவி சீதாலெட்சுமி கல்யாணத்துக்கு முன் அங்கேதான் வேலை பார்த்தாள். தமிழ் டைப்பிங்கை அங்கேதான் கற்றாள். கல்யாணமாகித் துறைமுக ஊரான கிள்ளானுக்கு வந்த பிறகு, வீட்டில் உட்கார்ந்தே கல்யாண அழைப்பிதழ் அடித்துக் கொடுக்கலாம் என்று அவளுக்குப் பாகங்களைக் கோத்து ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டிக் கொடுத்தவரும் அவர்தான். அது மக்கர் செய்யும்போதெல்லாம் ரயிலேறி வந்துவிடுவார். இன்னும் கல்யாணமாகாதவர். சென்டரில் எல்லாரும் அவரை 'வீரா' என்று கூப்பிடுவார்களாம். சீதாவும் அப்படியே கூப்பிடுவாள். வாசுவை அவள் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'இந்தாங்க' என்பதோடு சரி.

அவர் வந்தால் இருவரும் பக்கத்து அறையில் உட்கார்ந்து எழுத்துகளைப் பற்றிப் பேசுவார்கள். இந்த எழுத்துருவில் 'ழ'வின் வால் குட்டையாக இருக்கிறது, அந்த எழுத்துருவில் 'ஸ்ரீ' பூனை குந்தியிருப்பதுபோல் இருக்கிறது என்று பேச்சு போகும். அறைக் கதவு எப்போதும் திறந்துதான் இருக்கும். மூடியிருந்தால் கோபப்பட ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். திறந்த கதவு வழியாக வாசுவுக்கு எல்லாம் கேட்கும். எதிலும் அவனுக்கு இடம் இருக்காது.

வாசு துறைமுகத்தில் போர்க்லிஃப்ட் மெக்கானிக். உப்புக் காற்றில் துருப்பிடித்து இறுகிய எதையும் கழற்றிவிடுவான் என்று அங்கே பெயர் உண்டு. அதனால்தான், கம்ப்யூட்டர் கொஞ்ச நாளாகப் பாதி வேலையில் உறைந்து நின்றுவிடுகிறது, உள்ளே விசிறி சுற்றும் சத்தமே கேட்கவில்லை என்று சீதா சொன்னபோது, அவன் யாரிடமும் சொல்லாமல் ஒரு சீனர் கடைக்குப் போய் விசாரித்தான். ப்ராசஸர் என்கிற சிப்தான் எல்லா வேலையும் செய்கிறது, அது சூடாகாமல் இருக்க அதன் தலையில் சீப்புப் பற்கள் மாதிரி வெட்டிய அலுமினியக் கட்டி ஒன்று உட்கார்ந்திருக்கும், அதற்கு ஹீட்சிங்க் என்று பெயர், அதன் மேல் ஒரு குட்டி விசிறி. விசிறி செத்தால் கட்டியோடு சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. கடைக்காரர் புதியது ஒன்றும், இரண்டுக்கும் நடுவே தடவ வெள்ளைப் பசை ஒரு பொட்டலமும் கொடுத்தார். வாசு அதைக் காதலிக்கு வாங்கிய பரிசைப்போல் வேலைக்குக் கொண்டுபோகும் பையில் ஒளித்து வைத்திருந்தான்.

அந்தச் சனிக்கிழமை கம்ப்யூட்டர் காலையிலிருந்தே நின்று நின்று ஓடியது. வெளியே, எங்கோ எரியும் காட்டின் புகைமூட்டம். வாரக்கணக்கில் வெயில் மஞ்சள் துணியில் வடிகட்டியதுபோல் வந்துகொண்டிருந்தது, எல்லா வீட்டிலும் ஜன்னல்களை அடைத்து வைத்திருந்தார்கள். அறைக்குள் அடுப்பங்கரைச் சூடு. ஜெஞ்சாரோமிலிருந்து தம்புசாமி, தன் மகளின் கல்யாண அழைப்பிதழை வாங்கிக்கொள்ள மாலையில் வருவார். எழுத்தெல்லாம் கோத்தாகிவிட்டது, அச்சில் ஒரு தாள்கூட எடுக்கவில்லை.

சீதா ஹாலுக்குப் போய் டெலிபோனைத் தூக்கினாள்.

"யாருக்கு?" என்றான் வாசு.

"யாருக்கா இருக்கும்?"

"வை. நான் பாக்குறேன்."

"நீங்களா?"

அந்த 'நீங்களா'வை அவன் எதிர்பார்த்துதான் இருந்தான். பையிலிருந்து ஹீட்சிங்கை எடுத்து மேசைமேல் வைத்தான். அவள் அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், ரிசீவரை வைத்தாள். முகத்தில் சந்தோஷத்துக்குப் பதிலாக ஒரு திகைப்பு வந்ததை அவன் கவனித்தான். ஆனால் நின்று யோசிக்கவில்லை.

பெட்டியைப் பிரித்து, போர்டை மேலே பார்க்கும்படி சாய்த்துப் படுக்க வைத்தான். பச்சைப் போர்டின் நடுவில் விசிறி அசையாமல் இருந்தது. விரலால் தள்ளினான். பிசுபிசுத்துக்கொண்டு கால் சுற்று சுற்றி நின்றது. அலுமினியக் கட்டியைப் பிடித்து மேலே தூக்கினான். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தான். போர்டு வில்லாக வளைந்து, காய்ந்த மூங்கிலை மிதித்ததுபோல் ஒரு சத்தம் எழுப்பியது.

"என்ன அது சத்தம்?" என்று சீதா வாசலில் வந்து நின்றாள்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்குச் சத்தம் வருமா? தம்புசாமி அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்றது? பொண்ணு கல்யாணத்தைத் தள்ளி வைங்கண்ணேன்னா?"

வாசு கட்டியிலிருந்து கையை எடுத்தான். துறைமுகத்தில் என்றால் எண்ணெய் அடித்துவிட்டு, சுத்தியலால் நாலு தட்டு தட்டியிருப்பான். இங்கே எதைத் தட்டுவது? "சரி, கூப்பிடு. போன்ல கேட்டுச் சொல்லு போதும். இங்க வரச் சொல்லாதே."

இது முடியாவிட்டால் அடுத்த ரயிலில் அவர் வந்து இறங்குவார் என்று இருவருக்கும் தெரியும். சப்பாத்துகள் தெருவைப் பார்த்து நிற்கும். அதற்குப் பிறகு இந்தக் கம்ப்யூட்டரை வாசு தொட முடியாது.

டெலிபோன் ஒயர் அறை நிலைப்படி வரைக்கும்தான் எட்டியது. சீதா நிலையில் சாய்ந்துகொண்டு, பாதி உடம்பை ஹாலுக்கும் பாதியை அறைக்கும் கொடுத்து நின்றாள்.

"வீரா, நான்தான். ஹீட்சிங்க் கழட்ட வரமாட்டேங்குது. இல்ல இல்ல, நீங்க வர வேணாம். இவர் பாக்குறாராம்." கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு வாசுவிடம், "மேல இழுக்கவே கூடாதாம்."

"நான் எங்க இழுத்தேன்?"

"இழுக்கலையாம்," என்றாள் போனில். பிறகு குரலைத் தாழ்த்தி, "சத்தம் எனக்கே கேட்டுச்சு, வீரா."

"எனக்கும் காது கேக்குதுலா," என்றான் வாசு.

"இழுத்தா ப்ராசஸரும் கூடவே வந்துருமாம். அதுக்கு அடியில முடி மாதிரி நூத்துக்கணக்குல கால் இருக்காம். ஒண்ணு வளைஞ்சாலும் ஆள் குளோஸாம். அப்புறம், பிளக்கைப் பிடுங்கியாச்சான்னு கேக்குறாரு."

"ஆச்சு."

"கைக்கடிகாரம், மோதிரம் எல்லாத்தையும் கழட்டணுமாம்."

வாசு நிமிர்ந்தான். "மோதிரத்தையா?"

"உள்ளே எங்கயாச்சும் உரசிட்டா ஆபத்தாம்."

"கல்யாண மோதிரத்தைக் கழட்டச் சொல்றாரா உன் வீரா?"

சீதா ரிசீவரின் வாயைப் பொத்தினாள். "மெதுவா. அவருக்குக் கேக்கும்." கையை எடுத்துக் காதில் வைத்தாள். அங்கிருந்து ஏதோ வந்தது. அவள் சிரித்துவிட்டாள்.

"என்னவாம்?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லேன், நானும் சிரிக்கிறேன்."

"ஒண்ணுமில்லன்னா விடுங்களேன்."

அந்தச் சிரிப்பு அவனுக்குப் பரிச்சயமில்லாதது. அவனோடு சிரிக்கும்போது அவள் உதட்டை மூடிக்கொள்வாள். இது தொண்டையிலிருந்து வந்தது. அவனைச் சந்திப்பதற்கு முன்பே அவளிடம் இருந்த சிரிப்பு. வாங்கிய வீட்டில் ஒரு அறையை மட்டும் பழைய சொந்தக்காரர் பூட்டிச் சாவியை எடுத்துப் போயிருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தபடியே மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டான்.

"திரும்ப பிளக்கை மாட்டி, கொஞ்ச நேரம் ஆன்ல விடணுமாம். விசிறிதான் ஓடலையே, தன்னால சூடாகும். சூடானா, காஞ்சு ஒட்டின பசை இளகும். அப்புறம் ஆப் பண்ணிட்டு, இப்படியும் அப்படியும் கொஞ்சம் கொஞ்சமா திருகணுமாம்."

"அதைத்தான் நானும் நினைச்சேன்."

அது உண்மை. இறுகிய நட்டை கேஸ் நெருப்பால் சூடு காட்டிக் கழற்றுகிறவன் அவன். ஆனால் இரண்டாவதாகச் சொல்லும்போது உண்மைகூடப் பொய் மாதிரிதான் கேட்கிறது.

கம்ப்யூட்டரை ஓடவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். சீதா போனை வைக்கவில்லை.

"சென்டர்ல இப்ப யாரு தமிழ் டைப் பண்றா?" என்று கேட்டாள். "ஆங்... புதுப் பொண்ணா? ஸ்பீட் எப்படி? என் அளவுக்கு வருமா?" பதிலைக் கேட்டு, நிலையில் விரல்களால் தாளம் போட்டாள். டைப் செய்கிற தாளம். "சும்மா சொல்லாதீங்க. கோயில் கும்பாபிஷேக மலரை யாரு பண்ணினா? அந்தப் பொண்ணேவா? முழுசும்?"

'முழுசும்' என்ற சொல்லோடு அவள் விரல்களின் தாளம் நின்றது. வாசு அவள் முதுகைப் பார்த்தான். அவளுக்கும் யார் மேலோ பொறாமை என்று முதல் தடவையாகத் தோன்றியது. அந்தப் புதுப் பெண்ணின் நாற்காலி மேல். அந்த எண்ணம் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

திரையில் எழுத்துகள் உறைந்தன. சூடாகிவிட்டது. அணைத்துப் பிளக்கைப் பிடுங்கினான். டார்ச்சை அடித்து, கட்டிக்கும் சிப்புக்கும் நடுவில் குனிந்து பார்த்தான். கடைக்காரர் சொன்ன வெள்ளைப் பசையைக் காணோம். ஓரம் முழுக்க மஞ்சளாக, காய்ந்த தேன்போல் ஒரு கோடு ஓடியது. நகத்தால் சுரண்டினான். ரப்பர் மாதிரி சுருண்டு வந்தது. முகர்ந்தான். செருப்புத் தைக்கிறவர்கள் போடும் மஞ்சள் கோந்து.

அவனுக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. வேறு யாரும் திறக்கக்கூடாது என்றுதான் ஒட்டி வைத்திருக்கிறார். சூடானால் நின்றுபோகும், நின்றுபோனால் சீதா கூப்பிடுவாள், கூப்பிட்டால் ரயிலேறி வரலாம். எத்தனை மாதமாக இந்த மஞ்சள் கோட்டால் இந்த வீட்டுக்கு வழி போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். வாசு எழுந்து போய், சீதா கையிலிருந்து ரிசீவரை வாங்கினான். எத்தனையோ நாளாகத் தேடிய ஒன்று கையில் கிடைத்த சந்தோஷத்தில் அவன் குரல் மரியாதையாகவே வந்தது.

"ஹலோ, சார்."

"மிஸ்டர் வாசு, சொல்லுங்க. சூடாச்சா?"

"ஆச்சு. ஒண்ணு கேக்கணும். இதைச் செருப்புக் கோந்து போட்டு ஒட்டியிருக்கீங்களே, அது எந்த ஊர் வழக்கம்?"

"கோந்தா? நான் கோந்து போட்டதே கிடையாதே. ஒரு கம்பிக் கிளிப் இருக்கும் பாருங்க. குறுக்கால போய் ரெண்டு பக்கமும் கொக்கி மாட்டியிருக்கும். அதுதான் கட்டியை அழுத்திப் பிடிக்கும்."

வாசு ஒயர் இழுக்கும் தூரம் வரைக்கும் எட்டிப் பார்த்தான். கிளிப் இல்லை.

"இல்லையே."

"ஓம், அப்ப வேற யாரோ கழட்டியிருக்காங்க."

"இந்த வீட்டுல வேற யாரு..." என்று ஆரம்பித்தவன் திரும்பினான்.

சீதா கட்டைவிரல் நகத்தில் இல்லாத எதையோ சுரண்டிக்கொண்டு நின்றாள். அழைப்பிதழ்களில் வெல்வெட் துணியும் தங்கத்தாள் பிள்ளையாரும் ஒட்டுகிற விரல். மேசைக்கு அடியில் மஞ்சள் கோந்து டப்பா எப்போதும் இருக்கும்.

"நான்தான்," என்றாள்.

"என்னா நீதான்?"

"போன மாசம் விசிறி கரகரன்னு சத்தம் போட்டுச்சு. எண்ணெய் விடலாம்னு கழட்டினேன். கிளிப்போட கொக்கி உடைஞ்சு போச்சு. ஆடாம இருக்கட்டும்னு ஒட்டிட்டேன்."

"என்ன எண்ணெய் விட்டே?"

"தேங்கா எண்ணெய்."

மெக்கானிக் வாசுவுக்குக் கணவன் வாசுவைவிட அதிகமாக வலித்தது. "விசிறிக்குத் தேங்கா எண்ணெயா? இந்தப் புகையில, இந்தத் தூசியில?"

"தலைக்குத்தான் தடவுறோம், விசிறி என்ன பெரிய இதுவான்னு நினைச்சேன்."

"தெரியலன்னா கூப்பிட்டிருக்கலாம்ல, உன்..." பெயரைச் சொல்லாமல் ரிசீவரைக் காட்டினான்.

"கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டா அவர் வந்துட்டுப் போன பிறகு நீங்க நாள் கணக்கா முகத்தைத் தூக்கி வச்சிக்கிட்டு இருப்பீங்க. போன தடவை சோத்தைப் போட்டு வச்சா, தொடாம தூண்டிலை எடுத்துக்கிட்டு கடலுக்குப் போய்ட்டீங்க. அவர் வரக்கூடாதுன்னுதான் நானே கையை வச்சேன். போதுமா?"

வாசுவின் கையில் ரிசீவர் இருந்தது. அதன் துவாரங்களுக்கு அந்தப் பக்கம், பிரிக்பீல்ட்ஸில், ஒரு மனிதர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எதுவும் கேட்காதவர்போல் தொண்டையைச் செருமினார்.

"மிஸ்டர் வாசு, கோந்துன்னா இன்னும் ஈசி. சூடு ஆறிடும், சீக்கிரம் பண்ணுங்க. பல்லு இடுக்குல விட்டு இழுக்கிற நூல் இருக்கா வீட்டுல?"

அந்த நாகரிகத்தைத்தான் வாசுவால் தாங்க முடியவில்லை. அவர் சிரித்திருந்தால் போனை வைத்திருப்பான்.

"அதெல்லாம் இல்ல."

"மெல்லிசா, அறுந்து போகாத நைலான் ஏதாச்சும்?"

"தூண்டில் நரம்பு இருக்கு."

"பெஸ்ட். அதை நடுவுல விட்டு ரம்பம் மாதிரி அறுங்க. மேல தூக்காதீங்க. என்ன ஆனாலும் மேல தூக்காதீங்க."

சீதா ரிசீவரை வாங்கி, "அப்புறம் கூப்பிடுறேன், வீரா," என்று வைத்தாள். அன்றைக்கு முதல் தடவையாக அறைக்குள் முழுசாக வந்தாள்.

அவள் டார்ச்சைப் பிடித்து, இன்னொரு கையால் போர்டின் ஓரத்தை அசையாமல் அழுத்திக்கொண்டாள். அவன் நரம்பின் இரு முனைகளையும் விரல்களில் சுற்றி, மூலையில் நுழைத்து அறுத்தான். மஞ்சள் தூள் மாவாகக் கொட்டியது. பாதியில் சூடு ஆறி நரம்பு சிக்கிக்கொண்டது. நரம்பை உருவிவிட்டு மறுபடி ஓடவிட்டுக் காத்திருந்தார்கள். திரை உறைந்ததும் அணைத்துப் பிளக்கைப் பிடுங்கித் தொடர்ந்தான். பிறகு கட்டியை இரு விரல்களால் பிடித்து, ஜாடி மூடியைத் திருகுவதுபோல் மயிரிழை இடப்பக்கம், மயிரிழை வலப்பக்கம் திருகினான். தூக்க வேண்டும் என்று தோள் கேட்டது. தோளுக்குக் கொடுக்கவில்லை.

முத்தம் பிரிகிற சத்தத்தோடு அது கையில் வந்தது.

சீதா டார்ச்சோடு குனிந்தாள். "ப்ராசஸர்?"

"அங்கேயே இருக்கு."

அவள் மூச்சு அவன் கழுத்தில் பட்டது. சிப்பின் மேல் மிச்சமிருந்த கோந்தை அவள் எடுத்தாள். கார்டில் வழிந்த கோந்தை எடுக்கிற மாதிரி, கட்டைவிரலால் உருட்டி உருட்டி, ஒரு துளி விடாமல். பிறகு பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தாள். சிப் கண்ணாடியாக மினுங்கியது. வாசு வெள்ளைப் பசைப் பொட்டலத்தைப் பிரித்தான். பேரிங்குக்குக் கிரீஸ் அப்புவதுபோல் அப்பத்தான் கை போனது.

"வீரா எப்பவும்..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். "கொஞ்சமா வைங்க. அரிசி அளவு."

அரிசி அளவு வைத்தான். புதிய கட்டியை நேராக இறக்கினான். அதோடு வந்த கிளிப்பின் ஒரு கொக்கி சுலபமாக மாட்டியது. மறு கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தித்தான் மாட்ட வேண்டும். வழுக்கினால் முனை போர்டைக் கிழித்துவிடும். அதன் மேல் நரம்புபோல் ஓடும் கோடுகளில் ஒன்று அறுந்தாலும் போச்சு. சீதா ஒரு தடித்த அழைப்பிதழை எடுத்து, கொக்கிக்குப் பக்கத்தில் போர்டின் மேல் விரித்தாள்.

"புதுக் கார்டையா?"

"தப்பா ஒட்டினது. பிள்ளையார் தலைகீழா இருக்காரு."

ஒரு தடவை வழுக்கியது. ஸ்க்ரூடிரைவர் அழைப்பிதழின் வெல்வெட்டைக் கிழித்து நின்றது. அடியில் போர்டுக்கு எதுவும் ஆகவில்லை. அடுத்த தடவை கொக்கி 'டக்'கென்று உட்கார்ந்தது. விசிறியின் ஒயரை மாட்டினான். பிளக்கைச் செருகிப் பட்டனை அமுக்கியபோது புதிய விசிறி தும்பி மாதிரி ரீங்கரித்தது. வெகுநேரம் காத்திருந்தார்கள். திரை உறையவில்லை.

அவன் கை கழுவி, மோதிரத்தை மாட்டிக்கொண்டு வந்தபோது அச்சு இயந்திரம் முதல் தாளைத் துப்பிக்கொண்டிருந்தது. சீதா ஈரம் உலர ஒவ்வொன்றாகக் கட்டிலில் பரப்பினாள்.

"சென்டர்லயே வேலைக்கு இருந்திருக்கலாம்னு தோணுதா உனக்கு?" என்று கேட்டான்.

"தோணும்."

அவள் இல்லையென்று சொல்வாள் என்று நினைத்திருந்தான். ஆனாலும், "நினைச்சேன்," என்றான்.

"அந்த வேலைக்கும் வீராவுக்கும் என்ன சம்பந்தம்? வேலை எனக்குப் பிடிச்சது. அவ்வளவுதான். நீங்க துறைமுகத்தை விட்டுட்டு வீட்டுல உக்காருங்களேன் பாப்போம்."

அவன் அவளிடம் ஒரு தாளை வாங்கி, மற்ற தாள்களுக்குப் பக்கத்தில் நேராக வைத்தான்.

தம்புசாமி வந்தபோது எல்லாம் கட்டி வைத்தாகிவிட்டது. அறைக்குள் எட்டிப் பார்த்து, வயிறு திறந்து கிடந்த பெட்டியைக் கண்டு, "என்னா தம்பி, போர்க்லிஃப்ட்னு நினைச்சுப் பிரிச்சுட்டியா?" என்றார். காப்பி குடித்து, கார்டில் மகள் பெயரை இரண்டு தடவை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

அவர் கார் தெருமுனையைத் தாண்டியதும் டெலிபோன் அடித்தது. வாசு எடுத்தான்.

"மிஸ்டர் வாசு, ஓடுதா?"

"ஓடுது சார்."

"பசை எவ்வளவு வச்சீங்க?"

"அரிசி அளவு."

"கரெக்ட். நிறைய பேர் அப்பிடுவாங்க."

அந்த 'கரெக்ட்' வாசுவின் நெஞ்சில் இனிப்பாக இறங்கியது. இறங்கியதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. வீரசிங்கம் தொடர்ந்தார். "நாளைக்குக் கிள்ளான் பக்கம் ஒரு வேலையா வரேன். ஒரு தரம் திறந்து பாத்துட்டுப் போகட்டுமா? தேங்கா எண்ணெய் வேற எங்க சிந்தியிருக்கோ. உங்களுக்குச் சரின்னா மட்டும்."

சீதா அறையில் வெட்டிய தாள் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவள் கை ஒரு துண்டின் மேல் அப்படியே நின்றிருந்தது. இல்லையென்று சொன்னால் அந்தக் கை என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரிந்தது. அடுத்த பழுதுக்கும் கோந்து டப்பாவைத்தான் தேடும்.

"வாங்க சார்," என்றான். "மத்தியானம் சாப்பிடுற மாதிரி வாங்க."

அறையில் தாள் சலசலத்தது. கை மறுபடி வேலை செய்யத் தொடங்கியிருந்தது. "நண்டு வாங்கணும்னா காலையிலேயே பாசாருக்குப் போகணும்," என்றாள் சீதா, யாரையும் பார்க்காமல்.

"போறேன்."

அவன் கம்ப்யூட்டரை அணைத்தான். பெட்டியின் மூடியை எடுத்துப் பொருத்தினான். பிறகு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, ஒரு திருகாணி விடாமல் எல்லாவற்றையும் முடுக்கினான். ஒவ்வொன்றையும், தேவைக்கு மேல் இன்னும் அரைச் சுற்று.